கறுப்பு மை மட்டும்

நீல மையில் எழுதினால் திருப்பி அனுப்புவார்கள்.
மடித்த தாள் ஆகாது.
புகைப்படத்தில் காது இரண்டும் தெரிய வேண்டும்,
பின்னால் வெள்ளை, சிரிக்கக் கூடாது.
மியாவடிப் பாலத்தடியில்
ஒரு தகர மேசை, ஒரு குடை,
பதினேழு வருஷமாய் நான் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான்.
படிவம் ஒன்றுக்கு ஐந்நூறு சாட்.
பசை தனி.

ஒருநாள் சீட்டென்றால்
பாலம் மூடுமுன் திரும்பிவிட வேண்டும்.
கடிகாரத்தை நம்பாதே,
அக்கரையில் நேரம் அரை மணி முந்தி ஓடுகிறது.
ஆற்றுக்கும் இங்கே பெயர் தாங்யின்,
அங்கே ஏறினால் மோய்.
ரப்பர் டியூபில் உட்கார்ந்து
பாலத்தின் நிழலுக்குள்ளேயே கடந்துபோகிறவர்கள்
என் மேசைக்கு வருவதில்லை.
மழைக்காலத்தில் மட்டும் அவர்களை எண்ணுவேன்,
இறங்கியவர் எத்தனை, கரையேறியவர் எத்தனை.

செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி இருக்கும்.
கவுண்டரிலிருந்து அதிகாரி கைதட்டினார்:
"ஏ கலாமா, உங்க ஆள் ஒருத்தன், வந்து பேசு."
இத்தனை வருஷத்தில்
மஞ்சள் கோட்டை நான் தாண்டியது அன்றுதான்.

இசக்கிராசு. கோவில்பட்டி.
விசா போனிலும் உண்டு, தாளிலும் உண்டு,
பிளாஸ்டிக் உறையில், கல்யாணப் பத்திரிகை போல.
படித்தேன். செல்லுகிற விசாதான்,
யாங்கோன் விமான நிலையத்தில்.
இந்த வாசலின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.
"சரி, வந்த வழியே போங்க" என்றேன்.
பாஸ்போர்ட்டைத் திறந்து காட்டினார்.
தாய்லாந்தின் வெளியேற்ற முத்திரை, இன்னும் ஈரம்.
ஒருமுறை மட்டும் நுழையும் அனுமதி.
நுழைந்தாயிற்று. தீர்ந்துபோயிற்று.

"அப்ப இப்ப நான் எந்த நாட்டுல நிக்கேன், அக்கா?"

இந்தப் பாலத்தில் எங்கோ ஓரிடத்தில்
இடப்பக்கம் வரும் லாரிகள்
வலப்பக்கத்துக்கு மாறிக்கொள்கின்றன.
எந்த இடம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.
நான் பதில் சொல்லவில்லை.

அவரே பேச்சை மாற்றினார்:
"நீங்க தமிழா? எந்த ஊரு?"
மோல்மேன்.
"அது சரி. சொந்த ஊரு?"

என் அட்டையில்
பெயர் எய் மூ.
இனம் என்ற கட்டத்தில் மூன்று சொல், நடுவே இரண்டு கோடு.
அம்மா வைத்த பூரணத்தை எழுத அங்கே இடமில்லை.
"கட்டம் சின்னது தம்பி" என்றேன்.
அவருக்குப் புரிந்திருக்காது.
எனக்கும் அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை.

குடைக்கடியில் கடிதம் எழுதினோம்,
நான் சொல்ல அவர் ஆங்கிலத்தில்.
மியாவடிக்குள் நுழையவில்லை.
நுழைய அனுமதி கிடைக்கவில்லை.
ஆகவே நான் வெளியேறியதை ரத்து செய்யும்படி
கேட்டுக்கொள்கிறேன்.
கடைசி வரியில் அவர் பேனா நின்றது.
வெளியேறியதைக்கூட ரத்து செய்ய முடியுமா?
சில நாள் செய்வார்கள், என்றேன்.
யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது.
அதிகாரி ஓரத்தில் ஒரு முத்திரை குத்திக் கொடுத்தார்,
எதற்கும் இருக்கட்டும் என்று.
இருநூறு பாட் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.
படிவம் வேறு, கடிதம் வேறு.

பாதி தூரம் போய்த் திரும்பி
என்னவோ கத்தினார்.
ஒரு சிமெண்டு லாரி அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது.
நன்றியாக இருக்கலாம்.
என் சொந்த ஊர் எது என்ற கேள்வியாகவும் இருக்கலாம்.
என் கையில் மணி பதினொன்றே முக்கால்,
அவர் கையில் பன்னிரண்டேகால்.

மேசைக்குத் திரும்பினேன். ஒன்பது பேர் வரிசையில்.
முதலில் நின்றவளுக்குக் கன்னம் வீங்கியிருந்தது,
மேசோட்டில் பல் பிடுங்கப் போகிறாள்.
பயணத்தின் நோக்கம் என்ற இடம் மட்டும் காலி.
என்ன எழுத, என்று வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.
சுற்றிப் பார்க்க, என்று எழுது.
அந்தப் பேனா வேண்டாம்.
இந்தா, கறுப்பு.