சிரிக்காத படம்

கிசி ஆஸ்பத்திரியில் என் வேலை
நோயாளிகளைப் படம் எடுப்பது.
பெயர், வயது, என்ன அறுவை, எவ்வளவு ஆகும்,
அப்புறம் ஒரு படம்.
எங்கோ ஒரு குளிர்நாட்டில்
பஸ்ஸுக்குக் காத்திருக்கும் யாரோ
அதைப் பார்த்துப் பத்து டாலர் போடவேண்டும்.
அவ்வளவுதான்.

மூன்று வருஷத்தில் சிலது கற்றுக்கொண்டேன்.
ஜன்னல் இடப்பக்கம் இருக்கட்டும்.
கட்டிலின் துரு தெரியலாம்,
மூத்திர வாளி தெரியக்கூடாது.
நியாபோகேயின் வெந்துபோன கைக்கு
ஒரே ராத்திரியில் பணம் சேர்ந்துவிட்டது.
விடிந்து நான் தேநீர் ஆற்றுவதற்குள்
அறுநூற்று நாற்பது டாலர்.
அவளுக்கு முன்பல் இரண்டு இல்லை,
அதுவும் உதவியது.

ஒம்பாதி வந்தது மார்ச் மழையில்.
ஐம்பத்தெட்டு வயது.
தபாக்கா குழியில் லாரிக்குக் கல் ஏற்றுகிறவர்.
குடல் இறக்கம்.
அவகாடோ அளவில் ஆரம்பித்ததாம்,
இப்போது ஒப்புச் சொல்ல எங்கள் பக்கம் பழம் இல்லை.
துணியால் இறுகக் கட்டிக்கொண்டு
ஏழு வருஷம் சுமந்திருக்கிறார்
கல்லையும் அதையும்.

ஊரில் ஹராம்பே வைத்திருக்கிறார்கள்.
சர்ச் வாசலில் நீல பேசின்.
ஒரே கோழியை மூன்று பேர் ஏலம் எடுத்து
மூன்று பேரும் திருப்பிக் கொடுத்து,
ஆக மொத்தம் நாலாயிரத்து முந்நூறு ஷில்லிங்.
பாக்கி அந்தக் குளிர்நாட்டுக்காரர்கள் பாடு.

"கொஞ்சம் சிரியுங்கள்" என்றேன்.
"எதற்கு?"
"படத்துக்கு."
"வலிக்கிறதே, பொசிபோரி."
"அப்படியானால் வலிக்கிற மாதிரி பாருங்கள்."
அதற்கும் அவர் முகம் ஒத்துவரவில்லை.
கூலியைக் குறைத்துச் சொன்ன லாரிக்காரனைப்
பார்ப்பதுபோல ஒரு பார்வை,
அதுதான் விழுந்தது.

எழுதியதை எங்கள் மொழியில் சொல்லச் சொன்னார்.
'ஒன்றுமில்லாதவர்' என்ற இடத்தில் கையை உயர்த்தினார்.
"இரண்டு ஆடு இருக்கிறது. எழுது."
"ஆடு இருந்தால் தரமாட்டார்கள்."
"எழுதாவிட்டால் நான் பொய்யன்."
ஆட்டை எழுதினேன்.

பதினோரு நாளில் பன்னிரண்டு டாலர்.
இருபதாம் நாள், முப்பத்தேழு.
அவருக்குப் பின்னால் வந்த நான்கு குழந்தைகள்
பணம் சேர்ந்து, அறுத்து, தைத்து,
வாழைப்பழம் தின்றபடி வீட்டுக்குப் போனார்கள்.
யாரும் கெட்டவர்கள் இல்லை.
சந்தையில் நானும் தக்காளியை
அப்படித்தான் பொறுக்குகிறேன்.

இருபத்தேழாம் ராத்திரி, வார்டில் அவர் முனகல்.
கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழப்பார்த்து,
மறுபடி உட்கார்ந்து,
பக்கத்துக் கட்டில்காரனிடம் மன்னிப்புக் கேட்டார்
சத்தம் போட்டதற்கு.
நான் போனை எடுத்து
இரண்டு ஆட்டையும் அழித்தேன்.

ஆட்டினாலா, அதிர்ஷ்டமா,
அந்தப் பக்கம் சம்பள நாளா, தெரியாது.
நான்கு நாளில் நானூற்றுப் பத்தும் வந்துவிட்டது.
டாக்டர் கெராகா ஒன்றரை மணி நேரம் நின்றார்.
ஒன்றும் பெரிதில்லை, சீக்கிரம் வந்திருக்கலாம் என்றார்.
சீக்கிரம் என்பது
ஏழு வருஷத்துக்கு முன்னால், நானூற்றுப் பத்து டாலர் தள்ளி
எங்கோ இருந்தது.

மூன்றாம் நாள் கஞ்சி குடித்துவிட்டுக் கேட்டார்:
"ஆட்டைப் பற்றி என்ன சொன்னார்கள்?"

டம்ளரைக் கழுவப் போகிறவள்போல எழுந்தேன்.
ஏற்கெனவே அது கழுவித்தான் இருந்தது.
"ஒரு பெண் கேட்டிருந்தாள்," என்றேன்,
"அதுகளுக்குப் பெயர் உண்டா என்று."

"ஆட்டுக்கு யார் பெயர் வைப்பார்கள்?"
சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.
தையல் இழுக்கவும்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினார்.
பிறகு கொஞ்ச நேரம் கூரைத்தகரத்தைப் பார்த்து,
"கறுப்புக்கு வேண்டுமானால்
அவள் பெயரையே வைக்கிறேன்.
என்ன பெயர் அவளுக்கு?"