பிடி வைத்த கல்

வலது காலில் மாவுக்கட்டு.
கட்டிலை ஹாலுக்கு நகர்த்திப் பதினோரு நாள்.
இரவு ஒன்றரைக்கு உள்ளே அரிக்கும்,
ஈர்க்குச்சி எட்டாத இடத்தில்.
பாப்பா முழித்துவிடுவாளென்று
சத்தத்தை அணைத்துவிட்டு
டிவியில் எதையோ தேடினேன்.
முட்டி வலிக்கு எண்ணெய், அடகுக்கடை விளம்பரம், பழைய சண்டை,
அப்புறம்
வெள்ளை வெளேரென்ற பனித்தரையில்
ஒரு கல்.

ஆவாரம்பாளையத்தில் பத்தொன்பது வருசமாகக்
கிரைண்டர் பூட்டுகிறவன் நான்.
ஊத்துக்குளிக் கல்லைத் தடவிப் பார்த்தே
எந்தப் பக்கம் முதலில் தேயுமென்று சொல்வேன்.
என் தூக்கத்தைக் கெடுக்க
அந்தச் சீமையிலுமா கல்?

ஆனால் அதன் தலையில் ஒரு பிடி இருந்தது,
இஸ்திரிப்பெட்டிக்கு இருப்பதுபோல.
ஒருத்தி குத்தவைத்து, ஒரு காலைப் பின்னே நீட்டிச்
சறுக்கிக்கொண்டே வந்து
கதவுக்குமிழைத் திருகுகிற மாதிரி லேசாகத் திருகி
விட்டுவிட்டாள்.
கல் போகிறது.
போகிறது.
உக்கடத்தில் புறப்பட்ட பொள்ளாச்சிக் கடைசி பஸ்
இன்னும் ஒரு ஆள் வருமாவென்று பார்த்துப் பார்த்து
உருளுமே, அப்படி.
இரண்டு பேர் அதற்கு முன்னால் ஓடி ஓடித்
தரையைத் தேய்க்கிறார்கள்.
எதிர்க்கோடியில் ஒருத்தி வாய் கிழியக் கத்துகிறாள்,
சத்தமே இல்லாமல்.

துளசிமணி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாள்.
"ஏனுங், அங்கயும் பொம்பளைங்கதான் கூட்டோணுமா?"
"நேத்து ஆம்பளைங்களும் கூட்டுனாங்க."
நம்பவில்லை. சொம்போடு உட்கார்ந்தாள்.
மூன்றாவது கல்லுக்கே
"கூட்டாத, கூட்டாத, அதுவே போயிரும்" என்று
பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

விதி எங்கள் இருவருக்கும் தெரியாது.
எதற்கு ஒன்று, எதற்கு மூன்று,
ஏன் சிலசமயம் வேண்டுமென்றே
வட்டத்துக்கு வெளியே நிறுத்துகிறார்கள்?
தெரியாதது சுகமாக இருந்தது.
கிரிக்கெட் பார்த்தால் எனக்குப் பிரஷர் ஏறும்,
எல்லாம் தெரியும் என்பதால்.
இங்கே கல் எங்கே நிற்குமென்பது மட்டும்தான்.
விட்டவளும் அதைத்தான் பார்க்கிறாள்,
எங்களைப்போலவே, இடுப்பில் கைவைத்து.

மூன்று மணிவாக்கில் அது நடந்தது.
தேய்த்துக்கொண்டே ஓடியவளில் ஒருத்தி
சட்டென்று நிமிர்ந்து கையைத் தூக்கினாள்.
துடைப்பத்தை, பிறகு கல்லை,
பிறகு தன் நெஞ்சைக் காட்டினாள்.
பட்டுவிட்டதாம்.
கல்லை அவளே நிறுத்தி
ஓரமாகத் தள்ளிவிட்டாள்.

"அட! ஆருமே பாக்கலியே!" என்றாள் துளசிமணி.
இரண்டாம் முறை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள்.
அப்போதும் எங்களுக்குத் தெரியவில்லை.

நான் சுவரில் பல்லியைப் பார்த்தேன்.

ஓட்டல் கிரைண்டர் குழவி, நாற்பது கிலோ.
கயிற்றின் ஒரு முனை என்னிடம்,
மறுமுனை நாச்சிமுத்துவிடம்.
மொதலாளி ஓடிவந்து கேட்டபோது
காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:
அவன் விட்டுட்டானுங்.
அவன் வாயைத் திறக்கவே இல்லை.
அரை மாதச் சம்பளம் பிடித்தார்களாம்.
கடைசிவரை பிடித்திருந்தது அவன்.
உள்ளங்கை வேர்த்தது எனக்கு.

இன்னும் கல் மிச்சமிருந்தது. ஆனாலும்
தோற்கிற பக்கத்தார் வந்து கைகொடுத்தார்கள்.
முடிந்துவிட்டதாம்.
"இப்படியொரு ஆட்டமா" என்று துளசிமணி
கொட்டாவியோடு உள்ளே போனாள்.
கதவருகே திரும்பி,
"நாளைக்கும் போடுவாங்களா?"

நாச்சிமுத்துவுக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட்.
ஒன்பது தடவை கூப்பிட்டிருக்கிறான், எடுக்கவில்லை.
மூணேகாலுக்கு நான் போட்டேன்.
பின்னால் மோட்டார் ஓடுகிற இரைச்சல்.
"அண்ணா, கால் எப்படிங்ணா இருக்குது?
இந்நேரத்துல முழிச்சுட்டு என்ன பண்றீங்?"

"கல்லு பாக்கறேன், சாமி."

"என்ன கல்லுங்?"

"நம்ம கல்லாட்டத்தான்" என்றேன்.
"ஆனா பிடி வெச்சிருக்குது.
சித்த அக்கட்டால வா, மோட்டார் சத்தமில்லாத எடத்துக்கு.
ஒண்ணு சொல்லோணும்."