ஏழாவது படி

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் எம்.பி.
குறை கேட்க உட்காருவதை
இந்த ஊரில் சர்ஜரி என்கிறார்கள்.
கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை.
பிளிமத் நூலகம் ஒன்றின் பின்னறையில்
மடக்கு மேசை, கசியும் கெட்டில்,
கோப்புகளோடு நான்.

ஹன்னஃபோர்ட் மூன்றாவதாக வந்தார்.
வந்தார் என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டேன்.
வாசலிலிருந்து நாற்காலிவரை ஒன்பது தப்படி;
இடையில் ஒருமுறை நின்று
சுவரிலிருந்த பேருந்து அட்டவணையை
அக்கறையாக வாசிப்பதுபோல்
மூச்சு வாங்கிக்கொண்டார்.

பத்தொன்பது வருடம் போர்க்கப்பலின் வயிற்றில்,
கொதிகலன் பக்கத்தில்.
குழாய்களில் சுற்றிய கல்நார்
வெள்ளை வெள்ளையாய் உதிரும்.
தேநீரில் விழுந்தால்
கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடிப்பார்களாம்.

படிவம் கேட்கிறது:
எந்தப் போர்? எந்தத் தேதி? உடலில் எவ்விடம்?
மார்பில் பட்டால் விழுப்புண்,
முதுகில் பட்டால் புறப்புண் என்று
காயத்துக்குத் திசை பார்த்த மொழி என்னுடையது.
அதிலும் தேடினேன்.
மார்புதான், ஆனால் உள்ளே.
எதிரி யாருமில்லை.
சொந்தக் கப்பல்தான்
முப்பது வருடம் கழித்துச் சுட்டிருக்கிறது.

இதையும் சொல்லிவிட வேண்டும்:
தெருமுனையில் சீருடை தெரிந்தால்
சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பறந்தவள் நான், சுன்னாகத்தில்.
எந்தப் பட்டாளத்தானுக்காகவும்
என் கை எளிதில் எழுதாது.
இருமல் வந்தது அவருக்கு.
கைக்குட்டையைப் பார்த்தார், மடித்தார்,
மனைவிக்குத் தெரியாமல் பையில் வைத்தார்.
நான் பேனாவைத் திறந்தேன்.

மொர்வென்னா ட்ரெகியர் கேட்டது இவ்வளவுதான்:
"வீட்டில் எத்தனை படி?"
"பதின்மூன்று. ஏழாவதில் நிற்பேன்."
"எவ்வளவு நேரம்?"
அவருக்குத் தெரியவில்லை.
மனைவிக்குத் தெரிந்திருந்தது.
"நாற்பது நொடி. கீழே நின்று எண்ணுவேன்."

மன்றத்தில் எம்.பி.க்குக் கிடைத்தது
நாளின் கடைசி விவாதம்.
பச்சை இருக்கைகளில் ஆறு பேர்,
அதில் ஒருவர் கைபேசிக்குள்.
நான் வீட்டில், மடிக்கணினி முன்னால்,
தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.
ஓய்வூதியம், நுரையீரல் சிகிச்சைக்குக் காத்திருக்கும் மாதங்கள்,
ஆக்சிஜன் இயந்திரம் தின்னும் மின்சாரம்
என்று நான் எழுதிக்கொடுத்த எண்களையெல்லாம் வாசித்தார்.
பிறகு,
"இப்போது ஏழாவது படியில் நிற்கிறோம்" என்றார்.
நின்றார்.

அமைச்சர் நிமிர்ந்தார்.
கைபேசி தாழ்ந்தது.
யாரோ செருமினார்கள்,
செருமியது தப்புபோல உடனே நிறுத்தினார்கள்.
"உறுப்பினர் பேசி முடித்துவிட்டாரா?"
அவைத்தலைவர் கேட்டார்.
"இல்லை. இன்னும் ஆறு படி இருக்கிறது."

அமைச்சரின் பதிலை நான் சொல்ல வேண்டியதில்லை.
பரிசீலனை என்ற சொல்
எல்லா நாட்டிலும் ஒரே உயரம்தான்.

மறுநாள் அவைக்குறிப்பு வந்தது.
இரண்டு வாக்கியங்களும் அடுத்தடுத்து,
நடுவில் ஒரு முற்றுப்புள்ளி.
அச்செடுத்து
அந்தப் புள்ளியைச் சுற்றிப்
பென்சிலால் வட்டம் போட்டுக் கோப்பில் வைத்தேன்.

பிப்ரவரியில் படிவம் திரும்பி வந்தது.
காயம்பட்ட தேதி நிரப்பப்படவில்லை,
பதினான்கு நாட்களுக்குள் நிரப்பி அனுப்புக.
தொலைபேசியில் அழைத்தேன்.
"மாடியில்தான் இருக்கிறார்,
இறங்கி வரட்டும்" என்றார் திருமதி.
ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம்.
பிறகு ஒன்றுமில்லை.

என்னையறியாமல் எண்ணத் தொடங்கினேன்,
தமிழில்.

முப்பத்தெட்டு.
முப்பத்தொன்பது.
நாற்பது.
நாற்பத்தொன்று.
நாற்பத்திரண்டு.