மீற்றர் பார்க்கிறவனின் கொப்பி

என் போனில் படங்கள் இப்படிப் போகும்:
களுதாவளை, வெற்றிலைத் தோட்டத்து வீடு,
மீற்றர், 04817.
ஒரு நாப்கின், பச்சை.
தேற்றாத்தீவு, கடை, மீற்றர், 22950.
நாப்கின், சளி மாதிரி.
செட்டிபாளையம், பூட்டிய கேற்றுக்குள் கையை விட்டு எடுத்தது,
கலங்கல், இலக்கம் தெளிவில்லை.
நாப்கின்.
நூல் போல ஒரு சிவப்பு.

கந்தோரில் பெரிய கிளாக்கர்
"அந்தப் பூட்டின வீட்டைக் காட்டும் தம்பி" என்று வாங்கி
விரலால் ஒருதரம் கூடத் தள்ளிவிட்டார்.
ஒன்றும் பேசாமல் திருப்பித் தந்தார்.
பின்னேரம் லாச்சியிலிருந்து
ஒரு குப்பி கிரைப் வோட்டர் எடுத்து நீட்டினார்.
"பேரனுக்கு வாங்கி மிஞ்சினது."
திகதி முடிந்திருந்தது. வாங்கிக்கொண்டேன்.

சாருணி பிறந்தபோது மூன்று கிலோ நூறு.
மூன்றரை மாதத்தில் நாலு கிலோ நானூறு.
அட்டையில் அவளுடைய கோடு
பச்சைப் பட்டையை விட்டு இறங்குகிறது.

குடித்துக் கால்மணித்தியாலம் போகாது,
முழங்கால் வயிற்றுக்கு ஏறும்.
அழுகை இல்லை அது,
பலகையிலிருந்து ஆணி பிடுங்குகிற சத்தம்.
நிதர்சினி தோளில் போட்டு நடப்பாள்,
கதவிலிருந்து குசினி,
குசினியிலிருந்து கதவு.
பக்கத்து வீட்டு லைற் எரியும், பிறகு அணையும்.

நாவூறு என்றார்கள்.
செத்தல் மிளகாய் சுற்றி நெருப்பில் போட்டோம்.
இருமினோம்.
ஆகவே நாவூறில்லை.
குடல் ஏறிவிட்டது என்று ஒருத்தி எண்ணெய் தடவினாள்.
தாய்ப்பால் சரியில்லை, மாப்பால் கொடு என்றாள் இன்னொருத்தி.
அன்றிரவு நிதர்சினி கோப்பையைத் தொடவில்லை.

களுவாஞ்சிக்குடியில் சொன்னது: காஸ், தானாய்ச் சரிவரும்.
காத்தான்குடிப் பிறைவேற்றில்: கிருமி, ஐந்து நாள் மருந்து.
ஏழாம் நாள் நூல் தடித்திருந்தது.

மறுகா, மட்டக்களப்புப் பெரியாசுபத்திரி.
வெள்ளன நாலேமுக்கால் பஸ்.
கல்லடிப் பாலத்தில் ஏறும்போது
கீழே தோணியொன்றில் ஒரு லாம்பு.
பிள்ளை தூங்கிப்போனது.
இறங்குமட்டும் நாங்கள் கதைக்கவேயில்லை.

துண்டு, அறுபத்திமூன்று.
இரத்தம், ஸ்கான், சின்னப் போத்தலில் மலம்.
எல்லாக் கடதாசியிலும் ஒரே சொல்: நோர்மல்.
"நோர்மல் எண்டா, மிஸ்ஸி,
இவள் ஏன் கத்துறாள்?"
மிஸ்ஸி பேனையை மூடினாள், திறந்தாள்.
"இரிங்க. பெரிய டொக்டர் வருவா."

டொக்டருக்குத் தமிழ் கொஞ்சம்,
எனக்குச் சிங்களம் அதைவிடக் கொஞ்சம்.
போனைக் கொடுத்தேன்.
மீற்றர்களையும் பொறுமையாகப் பார்த்தா.
நூலில் நின்று, இரு விரலால் பெரிதாக்கி,
நிதர்சினியிடம் கேட்டா:
"அம்மா என்ன சாப்பிடுறது?"

பிள்ளை பிறந்ததிலிருந்து
அவளிடம் யாரும் கேட்காத கேள்வி.
சோறு, மீன், பால்தேத்தண்ணி.
பால் ஊறட்டும் என்று
நான் நாள்தோறும் வாங்கிவந்த எருமைத்தயிர்.

பெயரொன்றும் எழுதித் தரவில்லை.
ஒரு வரி, முடிவில் கேள்விக்குறி.
தாய் மூன்று கிழமைக்குப் பால், தயிர் தொடக்கூடாது.
பிள்ளைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது.
பிறகு கொஞ்சம் தின்று பார்க்கவேண்டும்.
பார்த்து எழுதவேண்டும்.

இது எனக்குத் தெரிந்த வேலை.
பில் கூடிப்போச்சு என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு
நான் சொல்வதும் இதுதான்.
எல்லாத்தையும் நிப்பாட்டுங்க,
தட்டுச் சுத்துதா பாருங்க,
ஒவ்வொண்டாப் போட்டுக்கொண்டு வாங்க.
சில வீடுகளில் சுவருக்குள்ளே கசியும்.
சில வீடுகளில் கடைசிவரை தெரியாது.
அதை நான் அவர்களுக்குச் சொல்வதில்லை.

இன்று பதினோராம் நாள்.
கழுவிய தயிர்ச்சட்டியில் நிதர்சினி வெங்காயம் போட்டிருக்கிறாள்.
நேற்றும் முந்தநாளும் நூல் இல்லை.
இன்று இருந்தது, மயிரளவு.

"ஒரு பிஸ்கற் திண்டன்," என்றாள்
நிலத்தைப் பார்த்து.
"அதுக்குள்ள பால்மா கிடக்கும் எண்டு நினைக்கல்ல."

எழுதினேன்: பிஸ்கற், ஒன்று.
அவள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்,
பில்லுக்கு நிற்கிற வீட்டுக்காரி போல.

பக்கத்தில் இன்னொரு சொல் சேர்த்தேன்:
தெரியாமல்.