குலுக்கக் கூடாது

சோஹார். இரவு இரண்டு நாற்பது.
மருந்தக ஜன்னலில் தட்டுகிறது டாக்டர் ஷம்ஸாவின் மோதிரம்.
"உலோக வால்வு போட்ட ஆள். தலைக்குள் ரத்தம்.
ஐ.என்.ஆர். ஏழு."

ஏழு என்றால் உறைய மறந்த ரத்தம்.
சாரத்திலிருந்துகூட விழவில்லை இசக்கிமுத்து.
கேம்பில், மேல்கட்டிலிலிருந்து இறங்குகையில்
கம்பியில் நெற்றி இடித்தது, அவ்வளவுதான்.
சிரித்துவிட்டு வேலைக்குப் போனவன்
மூன்றாம் நாள் சொல் குழறினான்.

ஏழு குப்பிகள். வெள்ளைப் பொடி.
முகம் தெரியாத யார் யாரோ கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து
பிரித்தெடுத்த உறைதல்.
நீர் விட்டுப் பொறுக்க வேண்டும்.
குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும்.
உள்ளங்கையில் வைத்து மெல்லச் சுழற்ற வேண்டும்
தூங்கும் குஞ்சைத் திருப்புவதுபோல்.
வெளியே எல்லோரும் ஓடுகிறார்கள்.
எனக்கு மட்டும் அவசரப்பட அனுமதியில்லை.

நான்காவது குப்பி கரையும்போது
பால்பவுடர் டப்பாவோடு வந்து நிற்கிறான்
அறைத்தோழன் மொஃபிசுல், சில்ஹெட்காரன்.
உள்ளே இரண்டு அட்டைகள்.
ஒன்று இங்கே கொடுத்தது.
ஒன்று விடுமுறையில் நாகர்கோவிலில் வாங்கியது.
பெயர் வேறு, நிறம் வேறு,
வேலை ஒன்றேதான்.
இரண்டையும் ஒருவேளை தவறாமல் விழுங்கியிருக்கிறான்
மூன்று வாரமாக.
மறதிக்காரனாக இருந்திருக்கலாம், பாவி.

மொஃபிசுல் அரைகுறை இந்தியில் சொல்கிறான்:
"அவன் நெஞ்சு டிக் டிக் என்னும், மேடம்.
ஏசி நின்றால் அறைக்கே கேட்கும்.
முதலில் எரிச்சல்.
இப்போது அது கேட்காமல் தூக்கம் வராது."

அந்த டிக் ஓயாதிருக்கத்தான்
ரத்தத்தை இத்தனை நாள் நீர்க்கவைத்தார்கள்.
நான் இறுக்கப் போகிறேன்.
இறுகினால் அந்தச் சின்னக் கதவே சிக்கலாம்.
ஷம்ஸாவிடம் சொன்னேன்.
"தெரியும்" என்றாள். "கொடு."

படிவத்தில் ஒரு கட்டம்: செலவு யார் பொறுப்பு?
அவனுடைய எத்தனை மாதச் சம்பளமோ.
காலியாக விட்டு முத்திரை குத்தினேன்.

மூன்று ஐம்பத்தைந்து. ஒன்று புள்ளி மூன்று.
தியேட்டர் தயாராகிறது.
மருந்தகத்தைப் பூட்டிவிட்டு
முதன்முறையாக அந்தப் பக்கம் நடக்கிறேன்.
திரைக்கு வெளியே சுவரில் காது வைத்து நிற்கிற மொஃபிசுல்
மானிட்டர் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி
நர்ஸிடம் கையால் கெஞ்சுகிறான்.