இரண்டு ஈய எழுத்துகள்

குடும்பப் பெயர் என்ற கட்டத்தில்
அப்பாவை எழுதினேன்.
காலியாக விட முடியாது,
சிவப்பு நட்சத்திரம் போட்டிருக்கிறது.
ஐசியில் என் பெயருக்குள் ஒரு எச் உண்டு,
டிப்ளோமாவில் இல்லை.
இரண்டும் ஒரே தவமலர்தான் என்று
சத்தியம் வாங்கிக்கொள்ள
கோல கெட்டில் கடைத்தெருவில்
டயர் கடைக்கு மேல்மாடியில் ஒருவர் இருக்கிறார்.
பத்து ரிங்கிட்.
நிமிர்ந்து பார்க்காமலே முத்திரை குத்தினார்.

கதிர்ப்படவியல் இளங்கலை, முழுவதும் இணையவழி.
சேர்க்கைத் தகுதி ஒன்றரைப் பக்கம்.

எஸ்பிஎம் பௌதிகத்தில் கிரெடிட் வேண்டுமாம்.
எனக்கு வெறும் பாஸ்.
பதினேழு வயதுக்காரி அன்றைக்கு என்ன எழுதினாளோ,
முப்பத்தாறில் நான் பதில் சொல்கிறேன்.
இன்று காலை
செம்பனைக் குலை தோளில் விழுந்த ரஃபிக்குலுக்கும்,
அவனை ஏற்றி வந்து
வந்ததுதான் வந்தோம் என்று
தன் இருமலையும் காட்டிய லோரிக்கார அங்கப்பனுக்கும்
எத்தனை கிலோவோல்ட் என்று
கண்ணாலேயே அளந்து வைத்தேன்.
ஒருவன் ஈர்க்கு, ஒருவர் தூண்.
ஒரு படமும் திரும்ப எடுக்கவில்லை.

ஆங்கிலத் தேர்ச்சிச் சான்று,
இரண்டு வருசத்துக்குள் எடுத்ததாக.
மூச்சை இழு. பிடி. அசையாதே. விடு.
இந்த நாலையும்
ஆறு மொழியில் வைத்திருக்கிறேன்.
என் வங்காளத்தைக் கேட்டால் சிரித்துவிடுகிறார்கள்,
படம் கலங்கிவிடும்.
நேப்பாளிக்காரருக்கு
நானே கன்னம் உப்பி மூச்சைப் பிடித்துக் காட்டுவேன்,
அவர் விடும்வரை நானும் விடமாட்டேன்.

பரிந்துரைக் கடிதம் இரண்டு.
டாக்டர் லிம் உடனே கொடுத்தார், மூன்று வரி.
என்சே ருஸ்லான்,
நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.
ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து
மலாயில் என்னை நானே மெச்சினேன்.
'மிகச் சிறந்தவர்' என்று எழுதி
கூசிப்போய் அழித்து
'நேரத்துக்கு வருபவர்' என்று மாற்றினேன்.
அவர் படிக்காமலே போட்டார்.

மதிப்பெண் பட்டியல் மட்டும் என்னிடமிருந்து வரக்கூடாது.
கல்லூரியே உறையில் ஒட்டி அனுப்ப வேண்டும்.
ஈப்போவில், இரண்டாம் மாடியில் இருந்தது என் கல்லூரி.
பழைய நம்பருக்குப் போன் அடித்தேன்.
எடுத்த பெண் இனிமையாகக் கேட்டாள்:
காலா, முதுகா?
அரை மணிக்கு முப்பத்தைந்து.

எதற்காக இந்தப் படிப்பு, ஐந்நூறு சொல்லில்.
சம்பளப் படி ஏற என்பது மூன்றே சொல்.
மீதியை என்ன செய்ய.

கடைசிப் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில்:
தகுதி குறைந்தோர்
அனுபவச் சான்றுகளை இணைக்கலாம்,
இரண்டு எம்பிக்குள்.

பதினாலு வருசத்துப் படங்கள் கிடக்கின்றன.
எலும்பெல்லாம் ஊரார் எலும்பு.
அனுப்பக் கூடாது, அனுப்பவும் மாட்டேன்.
ஆனால் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும்
வலமா இடமா என்று சொல்லும் குறிக்குக் கீழே
வெள்ளையாக நிற்கும் டியும் எஸ்ஸும்
நான்.
ஈயத்தில் செய்தது, என் காசில் வாங்கியது.
தப்பென்றால் யாரைக் கேட்பது என்று தெரிவதற்காக.
எச் இருந்ததா இல்லையா என்ற வழக்கு
அதில் கிடையாது.

சட்டைப் பையிலிருந்து எடுத்து
சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.
பக்கத்தில், அளவு தெரிய,
ஒரு இருபது சென் காசு.
மகனைக் கத்தி
கேமை நிறுத்தச் சொன்னேன்,
அப்போதுதான் கோப்பு ஏறும்.
போனைத் தூக்கிப் பிடித்து அமுக்கினேன்.
கை ஆடிவிட்டது.

திரும்ப எடுத்தேன்.