கணப்பு மூட்டுகிறவள்

ஞாயிறு காலை ஆறு மணிக்கு
சாரேமா தீவில்
கடவுளுக்கும் குளிரும்.
முதலில் வருகிறவள் நான்.
கோயில் சாவி என்னிடம்,
போன வாரத்துச் சாம்பலும் என்னிடம்.
பிர்ச் விறகைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி
ஊதி ஊதி
அந்த இரும்புக் கணப்பைப் பேசவைக்க
ஒரு மணி நேரம் ஆகும்.
அதுவரை என் மூச்சு
எனக்கு முன்னால் வெள்ளையாய் நிற்கும்.

ஆராதனை பதினொரு மணிக்கு.
வருகிறவர்கள் கோட்டைக் கழற்றிக்கொண்டே
"என்ன இதம்!" என்பார்கள்.
வழக்கமாய்ப் பன்னிரண்டு பேர்.
இன்று பதின்மூன்று.

ஹெல்தூர்.
வயது எழுபத்தொன்பது.
கூட்டுப்பண்ணை அலுவலகத்தில் இருந்த காலத்தில்
கிறிஸ்துமஸ் இரவுகளில்
எதிரே எலுமிச்சை நிறத் தெருவிளக்கின் கீழ் நின்று
உள்ளே போகிறவர்கள் பெயரை
நீல நோட்டில் எழுதியவர்.
என் பெயரில்
ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.

அப்போது எனக்குப் பதினேழு.
தார்த்துவில் மருத்துவம் படிக்கக் கிடைத்த இடம்
பனி உருகுவதற்குள் இல்லாமல் போனது.
பிறகு முப்பத்தெட்டு வருடம்
மீன் ஆலையில்
விரல் நீள மீன்களுக்குத் தலை கிள்ளினேன்.
என் பாட்டுப் புத்தகத்தை
இன்றைக்கு முகர்ந்தாலும் தெரியும்.

அவருக்கு இன்று திடப்படுத்தல்.
"விசுவாசிக்கிறீர்களா?" என்று
போதகர் ஆன்னேலி கேட்டாள்.
"கொஞ்சம் பொறுங்கள்" என்றார்.
பொறுத்தோம்.
கணப்பில் ஒரு கட்டை வெடித்தது.
தொண்டையைச் செருமிக்கொண்டு
"ஆம்" என்றார்,
கடனை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி.

அப்பங்களை எண்ணி வைத்தவள் நான்தான்.
பதின்மூன்று.
ஒரே அச்சு, ஒரே கனம்.
வெட்கமாய்த்தான் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்:
தட்டில் தேடினேன்,
எனக்கென்று ஒன்று
நகக்கண் அளவாவது பெரிதாய் இருக்கிறதா என்று.

எல்லாரும் போன பின்
கணப்பில் கை காட்டி நின்றார்.
"இங்கே எப்போதும் இப்படிச் சூடாகத்தான் இருக்குமா?"

ஆறு மணிக்கு வந்து பார் என்று
நாக்கு நுனிவரை வந்தது.

அவரே பேசினார், நெருப்பைப் பார்த்தபடி:
"அங்கே ரொம்பக் குளிரும், சால்மே.
கால்விரல் இரண்டு அப்போதே போய்விட்டது.
ஆனால் பாட்டு கேட்கும்.
கடைசிப் பாட்டு வரைக்கும் நிற்பேன்.
பெயர்களை எழுதி முடித்த பிறகும்."

எழுதி முடித்த பிறகும்.

நாங்கள் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தோம்.
பயத்தினால் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
குளிர் உள்ளே வராமல் இருக்கவும்தான்.
வெளியே ஒரு மனிதன்,
கூலிக்கு யாரும் கூப்பிடாமல்
பொழுது சாயும்வரை சந்தையில் நிற்கிறவனைப் போல.
கூப்பிட்டது ஒரே ஒருவர்தான்.
அதுவும் எங்கள் குரலிலேயே,
எங்களைக் கேட்காமலே.

இன்னொன்றும் நினைவு வந்தது.
நான் முதன்முதல் சாவி வாங்கிக் கதவு திறந்த காலையில்
சுவரோரம் விறகு பிளந்து கிடந்தது,
காய்ந்து, அளவாய், ஒரு குளிர்காலத்துக்குப் போதுமானபடி.
யார் பிளந்தது?
இன்றுவரை நான் கேட்டதில்லை.
என் பங்கென்று எடுத்து எரித்தேன்.

மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள்.
தார்த்துவுக்குப் போகும் பேருந்தைக் கண்டால்
இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் நான்.

கணப்பின் கதவைத் திறந்தேன்.
நாளைக்கென்று ஒதுக்கியிருந்த கட்டை
ஒன்று இருந்தது.
போட்டேன்,
அவர் நிற்கிற பக்கமாய்.